புது காபி மிஷின் என்று வாங்கினேன், உள்ளே யாருடைய சிக்கரியோ இருந்தது

ஒன்பதாயிரத்து நானூற்றுத் தொண்ணூறு ரூபாய். எண்ணிலும் எழுதிவிடுகிறேன், 9,490. இன்று மதியம் மூன்று மணிக்கு கஸ்டமர் கேரில் ஒரு பெண் "உங்க கேஸ் க்ளோஸ் ஆயிடுச்சு மேடம், வேற ஏதாவது உதவி வேணுமா" என்று கேட்டுவிட்டு போனை வைத்தார். அந்தக் கோபம் ஆறுவதற்குள் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பெயர் சொல்லப் போவதில்லை, வீட்டில் வம்பு வேண்டாம் என்கிறார்கள். எல்லோரும் சாமான் வாங்கும் ஒரு பெரிய ஆன்லைன் தளம், அதில் கடை போட்டிருக்கும் ஒரு விற்பனையாளர். அவ்வளவு போதும். வீட்டுக்குக் காபி மிஷின் வாங்கும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்தது.

எங்கள் வீடு திருச்சியில். அத்தைக்கு விடிகாலை நாலரைக்குக் காபி வேண்டும். மகளுக்கு ஆறேகாலுக்குக் காலேஜ் பஸ். இவர் கிளம்புவது எட்டு மணிக்கு. ராத்திரியே பித்தளை பில்டரில் தூள் போட்டு வெந்நீர் ஊற்றி வைத்தால் முதல் டிகாக்ஷன் அத்தைக்கு, மிச்சம் மகளுக்கு, கடைசியில் வருகிறவருக்கு இரண்டாம் டிகாக்ஷன். அது காபி இல்லை, பில்டர் கழுவின தண்ணீர். நான் எதைக் குடித்தேன் என்று யாரும் கேட்டதில்லை, அது வேறு கதை. அவரவர் எழுந்து வரும்போது ஒரு பட்டனைத் தட்டினால் புது டிகாக்ஷன் இறங்குகிற மாதிரி ஒன்று இருந்தால் எவ்வளவு நிம்மதி என்று ரொம்ப நாளாக ஆசை.

வாங்குவதற்கு முன் ஒரு மாதம் படித்தேன். சும்மா விளம்பரம் பார்த்து விழுந்தவள் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன். பத்தாயிரத்துக்குள் மூன்று வகை கிடைக்கிறது. கண்ணாடி ஜாடி வைத்த டிரிப் மிஷின் ஒன்று. வெந்நீர் தூள்மேல் சொட்டி இறங்கும், பத்து பேருக்கு ஒரே நேரத்தில் போடலாம், ஆனால் பால் சேர்த்துக் குடிக்கிற நமக்கு அந்த டிகாக்ஷன் தண்ணி. இரண்டாவது, பம்ப் இல்லாமல் நீராவி அழுத்தத்தில் மட்டும் ஓடுகிற எஸ்பிரெஸோ மிஷின். அதில் நாலு பார் அழுத்தம் வந்தாலே பெரிய விஷயம். மூன்றாவதுதான் பம்ப் வைத்தது. பெட்டிமேல் 15 பார், 20 பார் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது பம்பால் முடிகிற அதிகபட்சம், தூளுக்கு உண்மையில் வேண்டியது 9 பார்தான், ஆகவே இருபதைப் பார்த்து மயங்க வேண்டாம். இன்னொரு முக்கியமான விஷயம், இந்த பம்ப் மிஷினில் நம் வீட்டு 80:20 தூளை, அதாவது எண்பது பங்கு காபியும் இருபது பங்கு சிக்கரியும் கலந்ததை, போடக் கூடாது. சிக்கரி தண்ணீர் பட்டால் ஊறிப் பசை மாதிரி ஆகிவிடும். பித்தளை பில்டரில் டிகாக்ஷன் கெட்டியாக, மெதுவாக இறங்குவதற்குக் காரணமே அதுதான். அதே குணம் மிஷினுடைய பொடி வலையை அடைத்துவிடும். இதையெல்லாம் தெரிந்துகொண்டு, வழக்கமாகத் தூள் அரைக்கும் கடையில் சிக்கரி இல்லாமல் பியூராக கால் கிலோ தனியாக வாங்கி வைத்தேன். பில் கூட இருக்கிறது. அந்த பில்லுக்கு என்ன மரியாதை கிடைத்தது என்பதைப் பின்னால் பாருங்கள்.

ஆடித் தள்ளுபடியில் வந்தது அந்த மிஷின். 16,999 அடித்து 9,490. தளமே உத்தரவாதம் தருகிற மாதிரி ஒரு முத்திரை, நாலுக்கு மேல் ஸ்டார். அப்படியும் சாட்டில் போய், "இது புத்தம் புதுசா, சீல் உடைக்காததா, கம்பெனி வாரண்டி உண்டா" என்று கேட்டேன். "நூறு சதவீதம் புதியது, ஓராண்டு வாரண்டி" என்று பதில் வந்தது. படம் பிடித்து வைத்திருக்கிறேன். யுபிஐயில் கட்டினால் இன்னும் இருநூறு குறையும் என்றது, கட்டினேன். அந்த இருநூறையும் கழித்துத்தான் 9,490.

புதன்கிழமை மதியம் பெட்டி வந்தது. கொண்டு வந்த தம்பிக்கு மகள் வயதுதான் இருக்கும், சட்டையெல்லாம் வியர்வை. தண்ணீர் கேட்டார், மோர் கொடுத்தேன். குடித்துவிட்டு, "அக்கா, ஓடிபி சொல்லிட்டீங்கன்னா கிளம்பிடுவேன், இன்னும் முப்பது வீடு இருக்கு" என்றார். பெட்டிமேல் கம்பெனி பெயர் போட்ட டேப், அதற்கு மேல் சாதாரண பழுப்பு டேப். இரண்டு டேப் எதற்கு என்று ஒரு நொடி தோன்றியது. தோன்றியதைக் கேட்கவும் செய்தேன், "வேர்ஹவுஸ்ல ஒட்டுவாங்க அக்கா, அப்பதான் உள்ள இருக்கிறது ஆடாது" என்றார். நியாயமாகத்தான் பட்டது. ஓடிபி சொன்னேன். அந்தத் தம்பிமேல் இப்போதும் எனக்குக் கோபமில்லை, அவருக்கு எதுவும் தெரிந்திருக்காது. அந்த ஆறு எண்ணுக்கு "பெட்டியைத் திறந்து பார்த்தேன், எல்லாம் சரியாக இருக்கிறது" என்று அர்த்தமாம். அதை எனக்கு விளக்கியவர்கள் பிறகுதான் விளக்கினார்கள், நான் அழாத குறையாகக் கேட்டபோது.

அடுத்த தப்பும் என்னுடையதுதான். அன்றே திறந்திருக்க வேண்டும். "ஆடி வெள்ளி வருது, பூஜை முடிச்சு ஆரம்பிம்மா" என்றார் அத்தை. இரண்டு நாள் போயிற்று. வெள்ளிக்கிழமை பெட்டியைப் பிரித்து, மிஷினைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பியூர் தூளைப் போட்டு பட்டனைத் தட்டினேன். பம்ப் உறுமுகிறது. மாவு மிஷின் மாதிரி உறுமுகிறது, கீழே ஒரு சொட்டு இல்லை. ஐந்து நிமிஷம் கழித்துக் கறுப்பாக இரண்டு சொட்டு விழுந்தது. அத்தை டபராவைப் பிடித்தபடி நிற்கிறார்.

நிறுத்திவிட்டு, ஆறியதும் கைப்பிடியைக் கழற்றி, போன் டார்ச்சை அடித்து மேலே பார்த்தேன். தண்ணீர் இறங்குகிற வலையில் பழுப்பாக, தார் பூசிய மாதிரி எதுவோ காய்ந்து ஒட்டியிருந்தது. அப்போதுதான் போட்ட தூள் ஐந்து நிமிஷத்தில் அப்படிக் காயுமா? நகத்தால் சுரண்டினால் வரவில்லை. அப்புறம் அளவுக் கரண்டியை எடுத்தேன். பிளாஸ்டிக் உறைக்குள் இருந்ததை நான் அதுவரை தொடவே இல்லை. அதன் மூலையில் அரை ஸ்பூன் காய்ந்த காபித்தூள். யாருடையதோ.

சாட்டில் சொன்னேன். "உங்கள் சிரமத்துக்கு மிகவும் வருந்துகிறோம்." சரி. "அது தொழிற்சாலையில் சோதனை செய்தபோது தங்கிய தூளாக இருக்கலாம்." இருக்கலாமோ என்று எனக்கே ஒரு கணம் தோன்றியது, அப்படிச் சொல்லும் சாமர்த்தியம் அவர்களுக்கு. ஆனால் காபித்தூளில் சிக்கரி இருக்கிறதா என்று பார்க்க ஒரு சுலபமான வழி உண்டு, உணவுப் பாதுகாப்பு ஆணையமே சொல்லிக் கொடுப்பதுதான். ஒரு கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து மேலே தூளைத் தூவ வேண்டும். காபி மிதக்கும். சிக்கரி சில நொடிகளில் பழுப்பு நூல் மாதிரி நிறத்தை விட்டுக்கொண்டே கீழே இறங்கும். ஒரு டம்ளரில் என் பியூர் தூள், இன்னொன்றில் அந்தக் கரண்டித் தூள். என்னுடையது மேலேயே நின்றது. கரண்டித் தூள் இழை இழையாக இறங்கியது, மகள் வீடியோ எடுத்தாள். மிஷின் செய்தது சீனாவில் என்று பெட்டியிலேயே அச்சடித்திருக்கிறது. சீனாவில் எந்தத் தொழிற்சாலையில் சிக்கரி போட்ட தூளை வைத்து மிஷினைச் சோதிக்கிறார்கள்? நம் ஊர்ப் பக்கம் ஏதோ ஒரு வீட்டில் யாரோ வாங்கி, வழக்கமான தூளைப் போட்டு, அடைத்துக்கொண்டதும் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதைத் துடைத்து, மேலே இன்னொரு டேப் ஒட்டி, புதுசு என்று 9,490க்கு என் தலையில் கட்டிவிட்டார்கள்.

வீடியோவை அனுப்பினேன். "இந்தப் பொருளுக்கு ரீபண்ட் கிடையாது, ஏழு நாளுக்குள் மாற்றித் தருவது மட்டும் உண்டு, அதற்கு டெக்னீஷியன் வந்து பார்க்க வேண்டும்" என்றார்கள். சனிக்கிழமை வருவார். வரவில்லை. திங்கள். வரவில்லை, ஆனால் "நீங்கள் வீட்டில் இல்லாததால் வருகை ரத்து" என்று மெசேஜ் வந்தது. நான் லீவு போட்டுவிட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்த நாள் அது. புதன்கிழமையோடு ஏழு நாள் முடிந்தது. டெக்னீஷியன் வந்தது வியாழக்கிழமை.

வந்தவர் நாலு நிமிஷம் இருந்தார். வலையைப் பார்த்தார், முகர்ந்தார், "சிக்கரி போட்டிருக்கீங்க மேடம்" என்றார். நான் போடவில்லை, ஏற்கெனவே இருந்தது, அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று தூள் கடை பில்லைக் காட்டினேன், டம்ளர் வீடியோவைக் காட்டினேன். "அதெல்லாம் எனக்குத் தெரியாது மேடம், பார்க்கிறதை எழுதணும்." எழுதினார். சிக்கரித் தூள் உபயோகித்ததால் அடைப்பு, வாடிக்கையாளரின் தவறான பயன்பாடு, மிஷினின் வெளிப்பக்கத்தில் கறை. அந்தக் கறை என்ன தெரியுமா? நான் வைத்த குங்குமப் பொட்டு. அதையும் கிட்டப்போய் போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

என்னை ஏமாற்றியதற்கு நான் காட்டிய சாட்சியமே எனக்கு எதிரான சாட்சியமாகிவிட்டது. அன்று ராத்திரி தூக்கமே வரவில்லை.

மறுநாள் மிஷின் கம்பெனியின் சர்வீஸ் எண்ணுக்குப் போன் போட்டு, அடியில் இருக்கும் சீரியல் நம்பரைச் சொன்னேன். அந்தப் பக்கம் இருந்தவர், பாவம், உள்ளதைச் சொன்னார். "இது மார்ச் மாசமே வாரண்டிக்குப் பதிவாகியிருக்கே மேடம், வேற ஒருத்தர் பேர்ல." போதாதா? மார்ச்சில் ஒருவர் பெயரில் பதிவான மிஷின் ஆகஸ்டில் எனக்கு எப்படிப் புதுசாக வரும்? எழுத்தில் கேட்டு மெயில் வாங்கித் தளத்துக்கு அனுப்பினேன். தளம் சொன்னது, திருப்பும் கெடு முடிந்துவிட்டது, கம்பெனியைக் கேளுங்கள். கம்பெனி சொன்னது, நாங்கள் உங்களுக்கு விற்கவில்லை, விற்றவரைக் கேளுங்கள். விற்றவருக்குப் போட்ட மூன்று மெயிலுக்கும் பதில் இல்லை. சாட்டில் ஒவ்வொரு தடவையும் புது ஆள் வருவார், ஒவ்வொருவரிடமும் புதன்கிழமை மோரிலிருந்து ஆரம்பிக்க வேண்டும், எல்லோரும் முதலில் வருந்துவார்கள். பதினோரு பேர் வருந்தியிருக்கிறார்கள், எண்ணி வைத்திருக்கிறேன். 9,490 ரூபாயில் ஒரு ரூபாய் கூடத் திரும்பவில்லை. இன்று மூன்று மணிக்கு கேஸ் க்ளோஸ்.

அத்தை இதுவரை என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அந்தக் காசுக்கு நாலு பித்தளை பில்டர் வாங்கி ஆளுக்கொண்ணு வெச்சிருக்கலாமேம்மா" என்று மட்டும், இன்று காலையில். எனக்கு ஏன் இது முதலிலேயே தோன்றவில்லை?

நாலு மணிக்கு 1915க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைத்துப் புகார் பதிந்தேன். தமிழிலேயே பேசினார்கள். 2020இல் வந்த மின்வணிக விதிகளின்படி புகாரை 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். விளம்பரத்தில் சொன்னது ஒன்று, வந்தது வேறொன்று என்றால் விற்றவர் திரும்பப் பெற மறுக்கவும் கூடாது. ஏழு நாள் கெடு என்று இவர்கள் பாடுகிற பாட்டுக்கு இதில் இடமே இல்லை. இதிலும் ஆகாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே போடலாம். போடத்தான் போகிறேன்.

எந்த மிஷின் வாங்கலாம் என்று விவரமாகச் சொல்வதாகச் சொன்னேன், இப்போது அதற்கு மனசில்லை. சுருக்கமாக: பெட்டியைத் திறந்து பார்க்காமல் ஓடிபி சொல்லாதீர்கள், தம்பி எவ்வளவு அவசரப்பட்டாலும் சரி. திறப்பதை டேப் கிழிப்பதிலிருந்து வீடியோ எடுங்கள். அன்றைக்கே சீரியல் நம்பரைக் கம்பெனியில் கேளுங்கள், ஆடி வெள்ளிக்குக் காத்திருக்காதீர்கள். "மாற்றித் தருவது மட்டும்" என்று இருந்தால் வாங்கவே வாங்காதீர்கள். கிரெடிட் கார்டில் கட்டினால் பேங்கிடமாவது முறையிட ஒரு வழி இருக்கும். டெக்னீஷியன் வரும்வரை சும்மா இருக்காமல், ஏழு நாளுக்குள் எழுத்தில் ரிட்டர்ன் கேட்டுவிடுங்கள். சிக்கரி தூள்தான் வேண்டும் என்றால் பம்ப் மிஷின் பக்கமே போகாதீர்கள். கேஸ் அடுப்பில் வைக்கிற மோக்கா பாத்திரம் இருக்கிறது, 1933இலிருந்து இத்தாலிக்காரர்கள் வைத்துக் குடிக்கிறார்கள், மோட்டாரும் இல்லை வாரண்டியும் இல்லை, அதிலும் சிக்கரியைக் குறைத்துத்தான் போட வேண்டும். மற்றதை எனக்குப் பணம் திரும்பி வந்தால் எழுதுகிறேன்.

மிஷின் குங்குமப் பொட்டோடு டைனிங் டேபிளுக்கு அடியில் அதே பெட்டியில் இருக்கிறது, சாட்சியம் என்பதால் தூக்கிப் போடவில்லை. மார்ச் மாதம் இதைத் தன் பெயரில் பதிந்தவர் யாராவது இதைப் படிக்கிறீர்கள் என்றால், சத்தியமாக உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை. நீங்கள் என்ன காரணம் சொல்லித் திருப்பினீர்கள், உங்களுக்காவது பணம் வந்ததா என்று மட்டும் சொல்லுங்கள். உங்கள் அளவுக் கரண்டியும் என்னிடம்தான் இருக்கிறது.