கைத்தொலைபேசித் தொழில்நுட்பத்தைத் தமிழில் கற்பிக்கும் முதலீட்டு வகுப்பு: என் மதிப்பீடு

சிராங்கூன் சாலைக்குப் பின்புறம் உள்ள கடைவீடு ஒன்றின் மாடியில், சிறு முதலீட்டாளர்களுக்காக நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் தமிழில் நடந்த வகுப்பைச் சென்ற மாதம் முடித்தேன். கட்டணம் 160 வெள்ளி. வந்திருந்த பதினெட்டுப் பேரில் பாதிக்கு மேற்பட்டோர், 1993இல் சிங்கப்பூரின் தொலைத்தொடர்பு நிறுவனமான சிங்டெல் பங்குச் சந்தைக்கு வந்தபோது குடிமக்களுக்குச் சலுகை விலையில் கிடைத்த பங்குகளை இன்றுவரை விற்காமல் வைத்திருக்கும் மூத்தவர்கள்.

ஓய்வுபெற்ற பொறியாளரான ஆசிரியர், பங்கு விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன், எல்லாக் கைத்தொலைபேசிகளும் வலையமைப்புகளும் ஒத்து இயங்கப் பின்பற்றும் பொது விதிகளான தரநிலைகளைப் பற்றிப் பேசினார். அவற்றை வகுக்க 1998இல் தொடங்கப்பட்ட 3ஜிபிபி என்ற பன்னாட்டு அமைப்பின் கூட்டங்களில் நிறுவனங்களின் பொறியாளர்கள் அமர்ந்து எந்த நுட்பம் தரநிலைக்குள் இடம்பெற வேண்டும் என்று முடிவு செய்வதையும், அவ்வாறு இடம்பெற்ற நுட்பத்துக்குக் காப்புரிமை வைத்திருப்பவருக்கு அதைப் பயன்படுத்தும் கைத்தொலைபேசித் தயாரிப்பாளர்கள் உரிமத் தொகை செலுத்த வேண்டியிருப்பதையும், அந்தத் தொகை நியாயமாகவும் பாகுபாடின்றியும் இருக்கும் என்று காப்புரிமையாளர் முன்கூட்டியே உறுதியளிப்பதையும் அவர் பொறுமையாக விளக்கினார். அலைக்கற்றை, காப்புரிமை ஆகிய சொற்களைத் தமிழிலும், மோடம், சிப் ஆகியவற்றைப் பழகிய வடிவிலும் அவர் பயன்படுத்தியதால் எவரும் பின்தங்கவில்லை.

இரண்டாம் வகுப்புக்காக மட்டுமே முழுக் கட்டணத்தையும் கொடுக்கலாம் என்பேன். "ஐயா, தொழில்நுட்பம் வென்றால் அதன் பங்கும் உயரத்தானே வேண்டும்?" என்று ஓர் அம்மையார் கேட்டார். ஆசிரியர் அதற்கு, கைத்தொலைபேசிச் சிப்களை விற்று, காப்புரிமைகளுக்கு உரிமத் தொகையும் பெறும் அமெரிக்க நிறுவனமான குவால்காமின் வரலாற்றைப் பதிலாகச் சொன்னார். 1991இல் பின்லாந்தில் வணிகச் சேவையாகத் தொடங்கிய ஜிஎஸ்எம் என்ற இரண்டாம் தலைமுறைத் தரநிலை உலகின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொண்டது. குவால்காம் முன்னெடுத்த போட்டி நுட்பமான சிடிஎம்ஏ சில நாடுகளில் மட்டுமே வேரூன்றியது. ஆனால் ஜிஎஸ்எம் முகாம் மூன்றாம் தலைமுறையான 3ஜிக்கு மாறியபோது, அந்தப் புதிய தரநிலையும் சிடிஎம்ஏயின் அடிப்படைக் கருத்தின் மீதே எழுந்தது. வாடிக்கையாளர் எண்ணிக்கையில் தோற்ற முகாமின் காப்புரிமையாளரே உரிமத் தொகை பெறுபவரானார். அதே நிறுவனத்தின் பங்கு 1999ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 2,600 விழுக்காடு உயர்ந்தது. அதன் உச்சத்தில் வாங்கியவர்கள் அந்த விலையை மீண்டும் பார்க்கப் பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருக்க நேர்ந்தது. நுட்பத்தைச் சரியாகக் கணித்தவர்களும் விலையில் தவறியதை இவ்வளவு தெளிவாக நான் வேறெங்கும் கேட்டதில்லை.

அடுத்து அவர் சேவை நிறுவனங்களின் பக்கம் திரும்பினார். 2000ஆம் ஆண்டில் 3ஜி சேவைக்கான அலைக்கற்றையை, அதாவது கைத்தொலைபேசிச் சமிக்ஞைகள் செல்லும் வானலைப் பகுதியை, நிறுவனங்களுக்கு விற்ற பிரிட்டனின் ஏலம் சுமார் 22.5 பில்லியன் பவுண்டைத் திரட்டியது. ஜெர்மனியில் தொகை 50 பில்லியன் யூரோவைத் தாண்டியது. மறு ஆண்டு சிங்கப்பூரில் மூன்று நிறுவனங்களே முன்வந்ததால் ஏலமே தேவைப்படாமல், ஆளுக்கு 100 மில்லியன் வெள்ளி என்ற அடிப்படை விலைக்கே உரிமங்கள் கிடைத்தன. நம் 3ஜி சேவை 2024இல் மூடப்பட்டுவிட்ட நிலையில், அந்த உரிமத்தின் முழு வாழ்நாளையும் திரும்பிப் பார்த்து எடைபோட முடிந்தது என் போன்ற நீண்டகாலப் பங்குதாரருக்கு மிகவும் பயனுள்ளதாக இருந்தது.

குறைகளும் உண்டு. மூன்றாம் வகுப்பில் காட்டிய சிங்டெல் வரைபடத்தில் பங்கு விலை மட்டும் இருந்தது, இலாபத்திலிருந்து பங்குதாரருக்குத் தரப்படும் ஈவுத்தொகை சேர்க்கப்படவில்லை. ஈவுத்தொகைக்காகவே பங்கை வைத்திருக்கும் ஓர் அவையில் இது சிறிய பிழை அன்று. மேலும், சிங்டெலின் இலாபம், அது பங்கு வைத்திருக்கும் இந்தியாவின் பார்தி ஏர்டெல்லையும் இந்தோனேசியாவின் டெல்கொம்செல்லையும் பெரிதும் சார்ந்திருக்கிறது. 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் இந்தியச் சந்தையில் 4ஜியுடன் நுழைந்து கட்டணங்களைச் சரித்தது, இங்கே அலைக்கம்பம் நடுவதைவிட நம் பங்குக்கு அதிக விளைவை ஏற்படுத்திய நிகழ்வு என்பது என் கருத்து. அதற்கு ஐந்து நிமிடங்கள்கூட ஒதுக்கப்படவில்லை.

5ஜி பற்றிய நான்காம் வகுப்பு அவசர அவசரமாக ஓடியது. 4ஜியின் மைய வலையமைப்பைச் சார்ந்து இயங்கும் 5ஜிக்கும் தனித்து இயங்கும் 5ஜிக்கும் உள்ள வேறுபாடு, 2020இல் இங்கே நாடு தழுவிய 5ஜி உரிமத்தில் ஒன்றை சிங்டெலின் போட்டி நிறுவனங்களான ஸ்டார்ஹப்பும் எம்ஒன்னும் கூட்டாகப் பெற்றதன் காரணம், கைத்தொலைபேசியை வலையமைப்போடு இணைக்கும் சிப்பான மோடத்தை 2025இல் ஆப்பிள் சொந்தமாக வெளியிட்டதால் குவால்காமின் சிப் விற்பனைக்கு ஏற்படக்கூடிய இழப்பு ஆகிய மூன்றையும் ஒரே மணி நேரத்தில் திணித்ததில் எதுவும் மனத்தில் நிற்கவில்லை. ஆப்பிள் மோடத்தை மாற்றினாலும் காப்புரிமைத் தொகை தனிக் கணக்கு என்பதை ஆசிரியர் சொன்னார். ஆனால் ஆண்டறிக்கையில் அந்தக் கணக்கை எங்கே பார்ப்பது என்று காட்டவில்லை.

தரநிலைகள் அறியாமல் தொலைத்தொடர்புப் பங்குகளை வைத்திருப்பவர்கள் தயங்காமல் சேரலாம். ஏற்கெனவே ஆண்டறிக்கை படிப்பவர்களுக்கு முதல் இரண்டு வகுப்புகளே போதும். அவற்றைத் தனியாகவும் எடுக்கலாம், கட்டணம் 90 வெள்ளி. ஆண்டறிக்கை வாசிப்புக்கென ஐந்தாவது ஞாயிறு ஒன்றைச் சேர்க்குமாறு ஏற்பாட்டாளர்களிடம் எழுத்து மூலம் கேட்டிருக்கிறேன்.