டீ கொட்டுனா ஒரு சாரி மட்டும் போதாதுங்க (2 ஸ்டார்)

சென்னை டு சிங்கப்பூர், ஏர்லைன் பேரு வேணாம். டிக்கெட் சீப்பு, சீட்டு ஓகே, உப்புமா கல்லு மாதிரி. ஆனா குடுக்கும்போதே டீ கப்பு சரிஞ்சு அம்மா தொடையில மொத்தமா கொட்டிருச்சு, புடவை ஒட்டிக்கிட்டு கொப்பளமே வந்துருச்சு, அதுக்கு கொஞ்சம் ஐஸ், ரெண்டு டிஷ்யூ, ஒரு சாரி, அவ்ளோதான். மெயில் போட்டா எங்க ஸ்டாஃப் மேல தப்பில்லனு ரிப்ளை, கூட ஒரு வவுச்சர் (யாருக்கு வேணும்!).

அப்புறம்தான் தோண்டிப் பாத்தேன், 1999 மான்ட்ரியல் ஒப்பந்தப்படி இன்டர்நேஷனல் ஃப்ளைட்ல, ஏறும்போது இறங்கும்போது கூட, விபத்துல உடம்புல காயம் பட்டா 1,51,880 எஸ்டிஆர் (பல நாட்டு கரன்சிய வச்சு மதிப்பு போடுற ஐஎம்எஃப்போட கணக்கு யூனிட்) வரைக்கும் நஷ்டஈடு கேக்க ஏர்லைன் தப்ப நாம நிரூபிக்கவே வேணாமாம். 2024 டிசம்பர்லதான் இந்த லிமிட்ட ஏத்துனாங்க. அவ்ளோவும் கைக்கு வராது, நம்ம நஷ்டம் எவ்ளோவோ அதுதான், வெறும் மனக்கஷ்டம்னா தேறாது. சூடான காபி கொட்டுனாலும் விபத்துதான்னு ஐரோப்பிய யூனியன் கோர்ட்டே 2019ல சொல்லிருச்சு. கேஸ் போட 2 வருஷம்தான் டைம், போர்டிங் பாஸ், போட்டோ, டாக்டர் பில்லு எதையும் தூக்கிப் போட்றாதீங்க.

இதையெல்லாம் எழுதி அனுப்புன பிறகுதான் ஆஸ்பத்திரி செலவு வந்துச்சு. அந்த 2 ஸ்டாரும் ஐஸ் எடுத்துட்டு ஓடி வந்த பொண்ணுக்கு.