தாந்தே ஓவியத் தாள் வாங்குவோர் கவனத்திற்கு: ஃபுளோரன்ஸ் நகரில் நான் ஏமாந்த விதம்

சென்ற ஆண்டு இத்தாலியின் ஃபுளோரன்ஸ் நகருக்குப் போயிருந்தபோது, பழைய நகர்ப்பகுதியின் சந்து ஒன்றில் இருந்த கடையில், பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் டோரே இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காவியத்திற்கு வரைந்த ஓவியத்தின் அச்சுத் தாள் ஒன்றை ‘1861ஆம் ஆண்டின் அசல்’ என்று நம்பி 190 யூரோவுக்கு வாங்கினேன். அது அசல் அல்ல. பழைய தாள்கூட அல்ல. ஸ்கேன் செய்து பிரிண்டரில் எடுத்த வண்ண நகல். கடையின் பெயரை நான் எழுதப் போவதில்லை. இதே முறையில் வேறு கடைகளிலும் இணையத்திலும் விற்க முடியும் என்பதால், ஏமாற்று எப்படி நடந்தது, எங்கே நான் கவனிக்கத் தவறினேன் என்பதை விரிவாகச் சொல்வதே பயன்படும் என்று நினைக்கிறேன்.

நான் எதையும் வாங்குவதற்காக அங்கே போகவில்லை. தாந்தேயின் ‘டிவைன் காமெடி’ காவியத்தைப் பல ஆண்டுகளாகப் படித்து வருபவன் என்ற முறையில், அவருடைய முகத்தையும், அதில் அவர் பாடிய நரகம், உத்தரிக்கிற ஸ்தலம் (பாவம் கழுவப்படும் இடம்), மோட்சம் ஆகிய மூன்று உலகங்களையும் ஓவியர்கள் எப்படிக் கண்டார்கள் என்று நேரில் பார்க்கவே போனேன். பேராலயத்தின் உள்ளே டொமெனிக்கோ டி மிக்கேலீனோ 1465இல் தீட்டிய ஓவியத்தின் முன் நெடுநேரம் நின்றேன். சிவப்பு அங்கியோடு தாந்தே திறந்த நூலை ஏந்தி நிற்க, ஒரு பக்கம் நரகத்தின் வாயிலும், பின்னால் உத்தரிக்கிற ஸ்தலத்தின் மலையும், மறுபக்கம் அவரை நாடு கடத்திய அதே ஃபுளோரன்ஸ் நகரமும் இருக்கின்றன. பிறகு பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தின் சிற்றாலயத்திற்குப் போனேன். ஓவியர் ஜொத்தோவும் அவருடைய பட்டறையைச் சேர்ந்தவர்களும் தீட்டியதாகக் கருதப்படும் சுவரோவியத்தில் தாந்தேயின் முகம் அங்கே இருக்கிறது. சுண்ணாம்புப் பூச்சுக்கு அடியில் மறைந்து கிடந்த அது 1840இல்தான் வெளிப்பட்டது. கண் இருந்த இடம் ஆணியால் சிதைந்திருந்தது; பின்னர் அந்த இடத்தை நிரப்பித் தீட்டிவிட்டார்கள். ஆக, அப்படித் தீட்டிய கண் 19ஆம் நூற்றாண்டின் கை வேலை. அதை யாரும் மறைப்பதில்லை; எவ்வளவு பழையது, எவ்வளவு புதியது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறார்கள். அன்று மாலை நான் நுழைந்த கடையில் அந்த நேர்மை இல்லாமல் போனது.

கடைச் சுவர் முழுவதும் மவுண்ட் அட்டையில் பொருத்தி, கண்ணாடித் தாள் உறையில் ஒட்டி மூடிய படங்கள் தொங்கின. நான் நின்று பார்த்த படம், மோட்ச காண்டத்தின் 31ஆம் படலத்திற்குரியது. விண்ணுலகப் புனிதர் கூட்டம் தாந்தேக்கு வெள்ளை ரோஜாவின் வடிவில் தென்படும் இடம் அது. ஒளியைச் சுற்றி வட்டம் வட்டமாக வானதூதர்கள் சுழல, கீழே தாந்தேயும் அவரை மோட்சத்தில் வழிநடத்தும் பெயாத்ரிச்சேயும் சின்னஞ்சிறு உருவங்களாக நிற்பார்கள். இந்தக் காவியத்தைப் படித்த எவருக்கும் அந்தப் படத்தைக் கண்டால் கால் நகராது. தாள் பழுப்பேறியிருந்தது, ஓரங்களில் பழைய நூல்களில் காணும் செம்பழுப்புப் புள்ளிகளும் இருந்தன. விலைச்சீட்டில் டோரேயின் பெயரும் 1861 என்ற ஆண்டும் ‘அசல்’ என்ற சொல்லும் இத்தாலிய மொழியில் எழுதப்பட்டிருந்தன.

கடைக்காரர் நல்ல ஆங்கிலத்தில், மிகவும் பணிவாகப் பேசினார். பாரிஸில் வெளியான முதல் பதிப்பு ஒன்று தண்ணீர் பட்டுக் கெட்டுப்போனதாகவும், அதிலிருந்து தப்பிய சில தாள்களில் இது ஒன்று என்றும் சொன்னார். “உறையைப் பிரித்துத் தாளைப் பார்க்கலாமா?” என்று கேட்டேன். “இவ்வளவு பழைய தாள், ஐயா. ஈரக்காற்றுப் பட்டால் வீணாகிவிடும், வீட்டுக்குப் போய்ச் சட்டகம் போடும்போது பிரியுங்கள்” என்றார். அந்தப் பதிலை நான் ஏற்றுக்கொண்டதுதான் முதல் தவறு. 230 யூரோ என்றவர், அட்டை இயந்திரம் வேலை செய்யவில்லை என்றும், ரொக்கமாகத் தந்தால் 190க்குத் தருவதாகவும் சொன்னார். கொடுத்தேன். கட்டித் தரும்போது விலைச்சீட்டை அவர் கழற்றி வைத்துக்கொண்டதை அப்போது பொருட்படுத்தவில்லை. ரசீதில் ‘ஸ்டாம்பா’ என்ற ஒரே சொல் இருந்தது. இத்தாலிய மொழியில் அதற்கு ‘அச்சுப்படம்’ என்பதற்கு மேல் பொருள் இல்லை. நேற்று அச்சிட்டதற்கும் அது பொருந்தும்.

ஊர் திரும்பிய பிறகு, படத்தின் வரலாற்றை ஒரு குறிப்பாக எழுதிச் சட்டகத்தின் பின்னால் ஒட்டலாம் என்று உட்கார்ந்தபோதுதான் ஆண்டே இடித்தது. டோரே 1861இல் வெளியிட்டது நரக காண்டத்தை மட்டுமே. ஆஷெட் பதிப்பகம் அவ்வளவு பெரிய, விலையுயர்ந்த நூலுக்குப் பணம் போடத் தயங்கியதால், 30 வயதுகூட நிறைந்திராத டோரே செலவைத் தானே ஏற்றுக்கொண்டார். நூல் பெரும் வெற்றி பெற்றது. ஆயினும் உத்தரிக்கிற ஸ்தலமும் மோட்சமும் 1868இல்தான் அச்சில் வந்தன. அப்படியிருக்க, மோட்ச காண்டத்துப் படம் 1861ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து எப்படி வர முடியும்? இது எனக்குத் தெரியாத செய்தி அல்ல என்பதுதான் இன்றும் என்னை வருத்துகிறது. பல முறை படித்திருந்தும், ஆசை கண்ணை மறைத்த அந்த அரை மணி நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

அன்றிரவே உறையைக் கிழித்து மவுண்ட் அட்டையை மெல்லப் பிரித்தேன். படத்தின் கீழே, அட்டை மறைத்திருந்த இடத்தில், ஆங்கிலத்தில் இரண்டு வரி இருந்தது. பாரிஸில் வந்த முதல் பதிப்பில் இத்தாலிய மூலமும் பிரெஞ்சு மொழிபெயர்ப்பும்தான் உண்டு; ஆங்கில வரி இருக்கிறதென்றால் பிற்காலத்து ஆங்கிலப் பதிப்பு ஒன்றிலிருந்து படம் எடுக்கப்பட்டிருக்க வேண்டும். தாளை அளந்தேன். 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. உயரம், இன்று எல்லா அலுவலகங்களிலும் இருக்கும் ஏ4 அளவு, மில்லிமீட்டர் பிசகாமல். திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் பளிச்சென்று வெள்ளை. முன்பக்கத்துச் செம்பழுப்புப் புள்ளிகளில் ஒன்றுகூடப் பின்பக்கம் ஊறியிருக்கவில்லை.

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸை வைத்துப் பார்த்தபோது மிச்சமிருந்த ஐயமும் தீர்ந்தது. தாளின் பழுப்பு நிறமே அச்சிடப்பட்டிருந்தது. வெறும் ஓரமாகத் தெரிந்த இடத்தில் மஞ்சளும் கருஞ்சிவப்பும் நீலமுமாக நுண்புள்ளிகள் இறைந்து கிடந்தன. வானதூதர்களின் சிறகுக் கோடுகள் கோடுகளாகவே இல்லை. புள்ளிகள் நெருங்கிச் சேர்ந்து கோடுபோலத் தோற்றம் தந்தன. மறுநாள் எங்கள் தெரு மருந்துக் கடையில் கள்ளநோட்டுப் பார்க்க வைத்திருக்கும் புற ஊதா விளக்கின் கீழ் தாளின் பின்பக்கத்தைக் காட்டினேன். நீல வெளிச்சமாக ஒளிர்ந்தது. காகிதத்தை வெண்மையாகக் காட்டச் சேர்க்கும் அந்த வேதிப்பொருள் 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகே காகித ஆலைகளில் பரவலானது. டோரே காலத்துத் தாள் அப்படி ஒளிராது.

உண்மையான தாள் எப்படி இருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். இந்தப் படங்களை டோரே உலோகத் தகட்டில் செதுக்கவில்லை. பாக்ஸ்வுட் என்னும் கெட்டியான மரத்தை இழைக்குக் குறுக்காக அறுத்து மெருகேற்றிய கட்டையின் மேல், மையும் வெள்ளை வண்ணமும் கொண்டு தூரிகையால் வரைந்துவிடுவார். அந்த ஒளியையும் நிழலையும் கோடுகளாக மாற்றிச் செதுக்கியவர்கள் வேறு கலைஞர்கள். எலியோடோர் பிசான் அவர்களில் முதன்மையானவர். பல படங்களின் கீழ் மூலைகளில் ஒரு பக்கம் டோரேயின் பெயரும் மறுபக்கம் செதுக்கியவரின் பெயரும் இருப்பதைக் காணலாம். மேடான பகுதியில் மை தடவி அழுத்தி எடுக்கும் அச்சு இது. ஆகவே லென்ஸில் பார்த்தால் கருமை இடைவெளியில்லாமல் நிறைந்திருக்கும். வெள்ளைக் கோடுகள் உளி போன வழியைக் கூர்மையாகக் காட்டும். தாளின் நிறத்தில் எந்தப் புள்ளியும் இருக்காது. என் தாளிலும் இரண்டு பெயர்களும் இருக்கத்தான் செய்தன. ஸ்கேன் செய்தால் கையெழுத்தும் சேர்ந்தே வரும் என்பதால், பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்துவிட வேண்டாம்.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. டோரேயின் தாந்தே நூல் பல நாடுகளில் பல பதிப்புகளாக, பெரும்பாலும் மரக்கட்டையிலிருந்து எடுத்த உலோக வார்ப்புகளைக் கொண்டு அச்சாகியிருக்கிறது. ஆகவே 19ஆம் நூற்றாண்டுப் பிற்பகுதியின் உண்மையான தாள்கள் அரியவை அல்ல. சில பத்து யூரோவுக்கே நேர்மையான வணிகர்களிடம் கிடைக்கின்றன. நான் கொடுத்த பணத்திற்கு உண்மையான பழைய தாள்களையே பலவாக வாங்கியிருக்கலாம். அந்தத் தாள்களும் முழு நூல்களைப் பிரித்துத்தான் சந்தைக்கு வருகின்றன என்பது எனக்குப் பிடிக்காத செய்தி. நூலாகவே வாங்க முடிந்தவர்கள் நூலாக வாங்கினால் நல்லது.

கடைக்குப் படங்களுடன் மின்னஞ்சல் அனுப்பினேன். ‘ரசீதில் உள்ளபடி உங்களுக்கு விற்றது ஒரு ஸ்டாம்பா, வேறு உறுதி எதுவும் நாங்கள் தரவில்லை’ என்று ஒரு வரியில் பதில் வந்தது. அடுத்த இரண்டு மடல்களுக்குப் பதிலே இல்லை. இணையத்தில் வாங்கியிருந்தால் ஐரோப்பிய ஒன்றியச் சட்டப்படி 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பித் தரலாம். கடையில் நேரில் வாங்கியதற்கு அந்த உரிமை இல்லை. சொன்னதற்கு மாறான பொருளை விற்றார் என்று முறையிட வழி உண்டு. ஆனால் சொன்னதற்குச் சான்றாக இருந்த விலைச்சீட்டு அவரிடம் போய்விட்டது. ரொக்கம் கொடுத்ததால் வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்கவும் இடமில்லை.

பிறகு தெரிந்துகொண்ட ஒன்றை இத்தாலியில் வாங்கும் எல்லோரும் அறிந்திருக்க வேண்டும். 2004ஆம் ஆண்டின் பண்பாட்டுச் சொத்துச் சட்டத் தொகுப்பின் 64ஆம் பிரிவு, ஓவியம், சிற்பம், அச்சோவியம், தொன்மைப் பொருள் ஆகியவற்றைத் தொழிலாக விற்பவர்கள், பொருளின் உண்மைத்தன்மையை, குறைந்தது அது யாருடையதாக இருக்கக்கூடும் என்பதையும் எங்கிருந்து வந்தது என்பதையும், எழுத்தில் தர வேண்டும் என்கிறது. எனவே கலைஞர் பெயர், அச்சு முறை, பதிப்பு, ஆண்டு ஆகிய நான்கையும் ரசீதிலேயே எழுதித் தரும்படி கேளுங்கள். உண்மையான பொருளை விற்பவர் அதை எழுதித் தரத் தயங்கமாட்டார். உறையைப் பிரிக்கவும் தாளின் பின்பக்கத்தைக் காட்டவும் மறுக்கும் கடையில் பணத்தை எடுக்காதீர்கள். விலைச்சீட்டைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். நான் அதைச் செய்திருந்தால் இன்று என் கையில் ஆதாரம் இருந்திருக்கும்.

அதே கடையில் தாந்தேயின் ‘சாவு முகமூடி’ என்று பிளாஸ்டர் முகம் ஒன்றையும் காட்டினார்கள். உயிர் பிரிந்ததும் முகத்திலிருந்தே வார்த்தது என்றார்கள். ஃபுளோரன்ஸ் நகரின் பலாட்ஸோ வெக்கியோ மாளிகையில் இருக்கும் புகழ்பெற்ற முகமூடியே தாந்தேயின் உடலிலிருந்து எடுத்ததல்ல, பிற்காலத்தில் செய்யப்பட்டது என்பதுதான் அறிஞர்களின் கருத்து. அவர் இறந்தது 1321இல், ரவென்னாவில், ஃபுளோரன்ஸில் அல்ல. அந்தப் பொய் காதில் விழுந்தபோதே நான் கடையை விட்டு வெளியேறியிருக்க வேண்டும். வெள்ளை ரோஜாவின் மேல் இருந்த கண்ணை என்னால் எடுக்க முடியவில்லை.

அந்தத் தாளை நான் கிழித்துப் போடவில்லை. அதன் பின்பக்க வெள்ளையில், அழியாத மையால், ‘புதிய வண்ண நகல். அசல் அல்ல. 190 யூரோவுக்கு வாங்கப்பட்டது’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, ரசீதோடு சேர்த்து உறையிலிட்டு அலமாரியில் வைத்திருக்கிறேன். எனக்குப் பிறகு என் வீட்டில் யாராவது அதை எடுத்து, அசல் என்று நம்பி இன்னொருவருக்கு விற்றுவிடக் கூடாது.