மலையில் எந்த ரவுட்டர் தாக்குப்பிடிக்கும்: செப்புக்கம்பியா, 4ஜியா, ஃபைபரா?

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் வீட்டுக்கு இன்டர்நெட் எடுக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எத்தனை எம்பிபிஎஸ் வேகம் வரும்?" என்றுதான். நான் முதலில் கேட்பது, "உங்கள் வீட்டுக் கூரை ஓடா, தகரமா?"

பழைய ஏடிஎஸ்எல் ரவுட்டர் டெலிபோன் கம்பியிலேயே ஓடியது. ஸ்பிளிட்டரைக் கொளுவி ஒரு பக்கம் போன், மறுபக்கம் ரவுட்டர். ஏடிஎஸ்எல்2+ இன் உச்சம் 24 எம்பிபிஎஸ். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு. டவுனிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் மேலே ஏறினால் சிக்னல் கம்பிக்குள்ளேயே தேய்ந்துவிடும். அதைவிடப் பெரிய தொல்லை இடி. ஏப்ரலிலும், ஒக்டோபர் நவம்பரிலும் பின்னேரம் இடிக்கும்போது செப்புக்கம்பி அந்த மின்சாரத்தை நேரே ரவுட்டருக்குக் கொண்டுவந்துவிடும். எங்கள் வீட்டில் இரண்டு ரவுட்டர் அப்படிக் கருகின. கரண்ட் பிளக்கைக் கழற்றினோம், டெலிபோன் வயரைக் கழற்ற மறந்துவிட்டோம்.

4ஜி ரவுட்டருக்குக் கம்பியே வேண்டாம். கடையில் வாங்கி வந்து சிம்மைப் போட்டால் அன்றைக்கே வேலை செய்யும். தோட்டத்து லய வீடுகளில் இருக்கும் பிள்ளைகளுக்கு இது செய்த உதவியை நான் குறைத்துப் பேச மாட்டேன். 2020, 2021இல் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தபோது, வீட்டில் சிக்னல் கிடைத்த பிள்ளை பாடம் கேட்டது. கிடைக்காத பிள்ளை போனைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறியது. ஆனால் டவருக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு மலைமுகடு வந்தால் சிக்னல் விழாது. தகரக் கூரையும் அலையைத் திருப்பி அடித்துவிடும். ஆகவே ரவுட்டரை அலுமாரிக்கு மேல் வைக்காமல், டவர் இருக்கும் பக்கத்து ஜன்னலில் வையுங்கள். இரவு ஏழு மணிக்குப் பிறகு ஊரே ஒரே டவரைப் பிடிப்பதால் வேகம் குறையும். அதற்கு ரவுட்டரை மாற்றிப் பயனில்லை.

ஃபைபர் பெட்டிக்கு வரும் இழை கண்ணாடி. வெளிச்சம்தான் அதில் ஓடுகிறது, மின்சாரம் ஓடாது. இடி அந்த இழை வழியாக உள்ளே வராது. கரண்ட் பிளக் வழியாக வரலாம், அதைக் கழற்றினால் போதும். இருபது கிலோமீட்டர் வரைக்கும் தூரமும் பெரிய பிரச்சினை இல்லை. இடையில் இழையைப் பல வீடுகளுக்குப் பிரிக்கிற ஸ்பிளிட்டருக்குக் கரண்டே தேவையில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் போனதை யாரும் மறந்திருக்க மாட்டோம். டவரின் பெட்டரி இறங்கினால் 4ஜி செத்துவிடும். ஃபைபரில் எக்ஸ்சேஞ்சில் கரண்ட் இருந்து, உங்கள் வீட்டில் ஒரு சின்ன 12 வோல்ட் பெட்டரி யூபிஎஸ் இருந்தால் லைன் நிற்காது. மரம் முறிந்து இழை அறுந்தால் மட்டும் பெட்டியில் சிவப்பு லைட் எரியும். அன்றைக்கு ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

வைஃபையில் மூன்றுக்கும் ஒரே குறை: கருங்கல் சுவரைத் தாண்டினால் 5 கிகாஹேர்ட்ஸ் அலை சட்டென்று விழுந்துவிடும். பின்னறைக்கு 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் போடுங்கள்.

உங்கள் பாதையில் ஃபைபர் தூண் இருந்தால் யோசிக்காமல் அதையே எடுங்கள். இல்லாவிட்டால் 4ஜி எடுங்கள். ஆனால் வெளி அன்டெனா கொளுவ இரண்டு துளை உள்ள ரவுட்டராகக் கேட்டு வாங்குங்கள். அன்டெனாவைத் தகரத்துக்கு மேலே ஒரு குழாயில் ஏற்றிவிடலாம். மழைமேகம் இருண்டால் அன்டெனா வயரையும் மறக்காமல் கழற்றுங்கள்.