விசைகள் வேலை செய்யவில்லை என்றதும் மதர்போர்டுக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள்

என் அரை மாதச் சம்பளத்தை ஒரு கணினிப் பழுதுபார்ப்புக் கடை ஏமாற்றிப் பறித்துக்கொண்டது என்பது இன்று காலையில்தான் எனக்குத் தெரிய வந்தது. வேறு எவரும் இப்படி இழப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று உடனே எழுதுகிறேன்.

என்னிடம் இருப்பது விண்டோஸ் எக்ஸ்பி கொண்ட பழைய மேசைக் கணினி. அதற்கான ஆதரவு 2014 ஏப்ரலிலேயே நின்றுவிட்டது என்றாலும், என் பழைய கணக்குகள் அதில் இருப்பதால் இணைய இணைப்பின்றி வைத்திருக்கிறேன். பத்து நாட்களுக்கு முன் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது திடீரென எழுத்துகள் விழவில்லை. ஒரு விசையை அழுத்திப் பிடித்தால் மட்டுமே ஓர் எழுத்து வந்தது. வலப்பக்க எண் விசைகளைத் தட்டினால் எண்ணுக்குப் பதிலாக மவுஸ் அம்பு நகர்ந்தது.

அந்தக் கடையிலிருந்து வீட்டுக்கு வந்த பணியாளர் தம் பையிலிருந்து வேறொரு கீபோர்டை எடுத்துச் செருகினார். அதிலும் அதே கோளாறு. "பாருங்கள் ஐயா, புதியதிலும் இப்படித்தான் வருகிறது, மதர்போர்டு போய்விட்டது" என்றார். கணினிக்குள் எல்லாப் பாகங்களையும் இணைக்கும் முதன்மைப் பலகை அது. அந்த இடத்தில்தான் நான் நம்பினேன். ஏமாற்ற நினைப்பவர் என்றால் ஒரு கீபோர்டை விற்றுவிட்டுப் போயிருப்பாரே என்று எண்ணி, கேட்ட அரை மாதச் சம்பளத்தையும் ரசீது இல்லாமல் முன்பணமாகவே கொடுத்தேன். மூன்றாம் நாள் கணினி திரும்பி வந்தது. எல்லாம் சரியாக இருந்தது.

இன்று காலை, யோசித்தபடியே வலது ஷிஃப்ட் விசையின் மேல் விரலை வைத்திருந்தேன். ஓர் ஒலி எழுந்து திரையில் ஒரு சிறு பெட்டி திறந்தது. சென்ற முறையும் அது வந்திருக்க வேண்டும். படிக்காமலே என்டர் தட்டியிருப்பேன். வலது ஷிஃப்டை 8 விநாடி அழுத்தினால் ஃபில்டர் கீஸ் இயங்கும் என்று அதில் இருந்தது. கை நடுங்குபவர்களுக்காக, சட்டென்று படும் விசைகளைப் பொருட்படுத்தாமல் விடும் நல்ல வசதி அது. இடது ஆல்ட், இடது ஷிஃப்ட், நம் லாக் மூன்றும் சேர்ந்தால் மவுஸ் கீஸ் இயங்கி, எண் விசைகள் அம்பை நகர்த்தும். தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற நான் நாள் முழுவதும் ஆல்ட்டும் ஷிஃப்டும் அழுத்துபவன். இவை விண்டோஸின் அமைப்புகள் என்பதால், எத்தனை கீபோர்டு மாற்றிச் செருகினாலும் அப்படித்தான் இருக்கும்.

கணினியின் வெளிக்கூட்டைத் திறந்து பார்த்தேன். மதர்போர்டின் வரிசை எண், கணினி வாங்கியபோது தந்த ரசீதில் உள்ள அதே எண். எதையும் அவர்கள் மாற்றவில்லை.

தொலைபேசியில் கேட்டால் "அது வேறு பழுது" என்றார்கள். மறுபடி அழைத்தபோது பணியாளர் வெளியே போயிருக்கிறார் என்றார்கள். நேரில் போய் நின்றதும் உரிமையாளர் என்னிடமே ரசீது கேட்டார். அவர்கள் தராத ரசீதை நான் எங்கே போய்த் தேடுவது? "கணினி ஓடுகிறதல்லவா, பிறகென்ன?" என்று சொல்லிவிட்டு அடுத்த வாடிக்கையாளரிடம் திரும்பிவிட்டார். அரை மாதச் சம்பளத்துக்கு எனக்குக் கிடைத்த பதில் அவ்வளவுதான்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. விசைகள் இப்படி ஆனால், முதலில் வலது ஷிஃப்டை 8 விநாடி அழுத்திப் பாருங்கள்; ஃபில்டர் கீஸ் இயங்கிக்கொண்டிருந்தால் அதிலேயே அணைந்துவிடும். கன்ட்ரோல் பேனலில் ஆக்சஸிபிலிட்டி ஆப்ஷன்ஸ் திறந்து கீபோர்டு, மவுஸ் இரண்டு பகுதிகளிலும் உள்ள குறிகளை எடுத்துவிடுங்கள். கணினியைக் கொடுக்குமுன் மதர்போர்டின் எண்ணைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். ரசீது கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள்.