ஸ்பீக்கரா, ஆம்ப்ளிஃபையரா: ஸ்டீரியோவில் எதை முதலில் மாற்றுவது?

வீட்டு ஸ்டீரியோவை மேம்படுத்தப் போகிறேன் என்று சொன்னாலே நாலு பக்கமிருந்தும் யோசனை வரும். ஆம்ப்ளிஃபையரை மாற்று என்பார் ஒருவர், டாக் (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபையருக்கு ஏற்ற மின்னலையாக மாற்றும் கருவி) வாங்கு என்பார் இன்னொருவர், கேபிளில்தான் எல்லாம் இருக்கிறது என்று அடித்துச் சொல்லவும் ஒருவர் இருப்பார். புதிதாக இதில் இறங்குபவருக்கு நான் சொல்வது: முதல் பணம் ஸ்பீக்கருக்கு. அதற்கும் முன்னால், காசு செலவில்லாமல், ஸ்பீக்கர் வைத்திருக்கும் இடத்தைச் சரிசெய்யுங்கள்.

ஸ்பீக்கரை ஏன் முன்னால் வைக்கிறேன் என்றால், மின்சாரத்தைக் காற்றின் அதிர்வாக மாற்றும் வேலை அதனுடையது. ஒரு கூம்பு முன்னும் பின்னும் ஆடித்தான் அதைச் செய்தாக வேண்டும். பிசகு வராமல் இருக்காது. நன்றாக வடிவமைத்த ஆம்ப்ளிஃபையரில் ஒலித்திரிபு 0.1 சதவீதத்துக்கும் கீழே நிற்கும். ஸ்பீக்கரில், அதுவும் பாஸ் எனும் தாழ்ந்த ஒலிப் பகுதியில் சத்தம் கூட்டும்போது, சில சதவீதம் வரை போவது சகஜம். அதனால்தான் ஸ்பீக்கரை மாற்றினால் பாடகரின் குரலே வேறு மாதிரி கேட்கிறது. இரண்டு நல்ல ஆம்ப்களை ஒரே ஒலியளவில் வைத்து, எது ஓடுகிறது என்று பார்க்காமல் கேட்டால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கடினம்.

ஆம்ப் விஷயத்தில் பலரும் ஏமாறுவது வாட்ஸ் எண்ணில்தான். 50 வாட்ஸிலிருந்து 100 வாட்ஸுக்குப் போனால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறக்குறைய 10 டெசிபல் வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டியை, அதாவது குறிப்பிட்ட அளவு மின்சாரத்துக்கு அது எவ்வளவு சத்தம் தரும் என்ற எண்ணைப் பாருங்கள்: 84 டெசிபல் ஸ்பீக்கருக்கு 100 வாட்ஸ் தேவைப்படும் இடத்தில், 90 டெசிபல் ஸ்பீக்கருக்கு 25 வாட்ஸ் போதும். ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் எவ்வளவு பெரிய ஆம்ப் வேண்டும் என்பதே தெரியும். முதலில் ஆம்ப் வாங்குவது கணக்கைத் தலைகீழாகப் போடுவது.

ஆம்பை மாற்றியே ஆக வேண்டிய நேரமும் உண்டு. பெரிய அறையில் சத்தத்தை ஏற்றும்போது ஒலி கரகரத்துக் காதைக் குத்தினால் ஆம்ப் திணறுகிறது என்று சந்தேகிக்கலாம். அப்படியே தொடர்ந்து ஓட்டினால் ட்வீட்டர் (உயர் ஸ்தாயி ஒலியைத் தரும் சிறிய ஸ்பீக்கர் பகுதி) எரிந்துபோகக்கூடும். 4 ஓம் (ஓம் என்பது மின்தடையின் அளவு) ஸ்பீக்கர் வாங்கியிருந்து, பழைய ஆம்ப் 8 ஓமுக்கு மட்டுமே ஏற்றதாக இருந்தாலும் மாற்றுங்கள். வால்யூம் குமிழ் திருப்பும்போது மட்டும் கொரகொரவென்றால் குமிழைச் சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

இப்போது இடம். மூலையில் ஒட்டி வைத்த ஸ்பீக்கரில் பாஸ் வீங்கித்தான் கேட்கும். சுவரிலிருந்து ஒன்றிரண்டு அடி தள்ளுங்கள். ட்வீட்டர் காது உயரத்தில் இருக்கட்டும். இரண்டு ஸ்பீக்கருக்கும் இடையே எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அவ்வளவு தூரத்தில் உட்காருங்கள். குரல் நட்டநடுவில் வந்து நிற்கும். வெறும் சுவரும் வெறும் தரையுமாக இருந்தால் கம்பளமும் கனமான திரையும் உயர் ஸ்தாயியின் எதிரொலியைக் குறைக்கும். பாஸுக்கு அவை உதவாது. 5 மீட்டர் நீள அறை 34 ஹெர்ட்ஸ் அளவிலான தாழ்ந்த ஒலியைத் தானாகவே முழங்கவைக்கும். அதைச் சமாளிக்க ஸ்பீக்கரையோ நாற்காலியையோ நகர்த்திப் பார்க்க வேண்டியதுதான்.

அடுத்தது, மேசையிலோ ஸ்டாண்டிலோ வைக்கும் சிறிய புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கரா, தரையில் நிற்கும் டவரா? பணம் கொஞ்சமாக இருந்தால் புக்‌ஷெல்ஃப்தான் என்பேன். அதே விலை டவரில் பெரிய பெட்டிக்கும் கூடுதல் வூஃபருக்குமே (பாஸ் தரும் கூம்பு) கணிசமான பணம் போய்விடும். சிறிய அறையில் அந்தக் கூடுதல் பாஸ் தொல்லையாகவும் மாறும். ஆழமான பாஸ் வேண்டுமென்றால் அப்புறம் பாஸுக்கென்றே தனியாக வரும் ஒரு சப்வூஃபர் சேர்க்கலாம். ஒலி சரியாக அமையும் மூலையைத் தேடி அதைத் தனியாக நகர்த்த முடிவது பெரிய வசதி. நடுத்தர அறையும், ஸ்டாண்டு வாங்க மனமில்லாதவரும் என்றால் டவர் நியாயமான தேர்வு.

டாக்? கம்ப்யூட்டரிலிருந்து பாட்டுப் போடும்போது இரைச்சல் கேட்டால் வாங்குங்கள், இல்லாவிட்டால் காத்திருக்கலாம். கேபிளுக்கு, சில மீட்டர் தூரம் என்றால் 2.5 சதுர மில்லிமீட்டர் சாதாரணச் செம்புக் கம்பி போதும்.

வாங்குமுன் இரண்டு ஸ்பீக்கர்களை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக வையுங்கள், போனில் உள்ள ஒலி அளக்கும் செயலியை வைத்தாவது. கொஞ்சம் சத்தம் கூடினாலே காது அதைத்தான் நல்லது என்று சொல்லிவிடும். நன்றாகப் பழகிய பாட்டையே போடுங்கள், மெதுவான ஒலியிலும் கேளுங்கள். திருப்பிக் கொடுக்கும் வசதியோடு வீட்டுக்குக் கொண்டுவர முடிந்தால் இன்னும் நல்லது. கடை அறையில் அசத்திய பாஸ் உங்கள் அறையில் அப்படியே இருக்காது.