மிதி கால்வாய்: ஆறு வருடம், ஐந்து ஸ்போக்ஸ் கம்பி

போன வாரம் பின்சக்கரத்தில் மறுபடியும் ஒரு ஸ்போக்ஸ் கம்பி அறுந்தது. ஆறு வருடத்தில் ஐந்தாவது. கடைக்காரர் சக்கரத்தைக் கழற்றி ஸ்டாண்டில் மாட்டினார், ஒரு சுற்று விட்டார், ரிம் இடமும் வலமுமாக ஆடுவதை ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார், நிமிராமலே கேட்டார்: "கால்வாயா?" நான் ஒன்றும் சொல்லவில்லை. தெற்கு பிரான்ஸில், இந்தத் துலூஸில் சைக்கிள் கடை வைத்திருக்கிறவருக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அன்று சாயங்காலமே பாரிஸிலிருந்து தங்கை வீட்டுக்காரர் போன். "மச்சான், ஆகஸ்ட்ல பிள்ளைங்களோட துலூஸ்லேர்ந்து கடல் வரைக்கும் சைக்கிள்ல போலாம்னு இருக்கோம். காரே வராத பாதையாமே, எப்படி இருக்கும்?" நல்லா இருக்கும் மாப்பிள்ளை என்று சொல்ல வாயெடுத்தேன், கம்பி ஞாபகம் வந்தது. நாளைக்குப் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கனால் து மிதி, அதாவது இந்த மிதி கால்வாய் பற்றிய அடிப்படை விவரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: துலூஸிலிருந்து மர்செய்யான் பக்கம் இருக்கிற தோ உப்பங்கழி வரை 240 கிலோமீட்டர், பதினான்காம் லூயி காலத்தில் 1666-ல் ஆணை, 1681-ல் திறப்பு, 1996-லிருந்து யுனெஸ்கோ பட்டியலில். பெயரிலேயே மிதி என்று இருக்கிறது, மிதித்துத்தான் ஆகவேண்டும் என்று முதல் வருடம் நானே ஜோக் அடித்திருக்கிறேன். இப்போது அடிப்பதில்லை. முழுசாக மூன்று முறை போயிருக்கிறேன், துண்டு துண்டாக எத்தனை முறை என்று கணக்கு இல்லை.

துலூஸிலிருந்து பொர் லோராகே வரைக்கும் ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தார்ப்பாதை. அதைப் பற்றி எழுத ஒன்றுமே இல்லை, அவ்வளவு நல்ல பாதை. ஞாயிற்றுக்கிழமை பாதி ஊர் அங்கேதான் இருக்கும், பெல் அடித்துக்கொண்டே போகவேண்டும். சும்மா ஒரு நாள் போய்வருகிறவர்கள் இதைப் பார்த்துவிட்டுத்தான் கடல் வரைக்கும் இப்படியே இருக்கும் என்று ஊரெல்லாம் சொல்லிவைக்கிறார்கள்.

மாவட்ட எல்லையைத் தாண்டியதும் தார் நின்றுவிடும். கொஞ்ச தூரத்தில் நொரூஸ். 189 மீட்டர், கால்வாயின் உச்சி இதுதான். பியேர் போல் ரிக்கே என்பவர் உப்பு வரி வசூலித்துக்கொண்டிருந்த ஆள், இஞ்சினியர் கூட இல்லை. மோந்தாஞ் நுவார் மலைத் தண்ணீரை சேன் ஃபெரியோல் ஏரியில் தேக்கி, வாய்க்கால் வெட்டி இங்கே கொண்டுவந்து இறக்கினால் ஒரு பக்கம் அட்லாண்டிக், இன்னொரு பக்கம் மத்தியதரைக் கடல், இரண்டு பக்கமும் தண்ணீர் போகும் என்று கண்டுபிடித்தது அவர்தான். கால்வாய் வெட்டுவது யாருக்கும் தெரியும், உச்சிக்கு வருடம் முழுக்கத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்பதுதான் அதுவரை யாருக்கும் பிடிபடாத கணக்கு. சொந்தக் காசையும் கொட்டினார், 1680-ல் கடனோடு செத்தார், திறப்பு விழா அடுத்த வருடம். நொரூஸில் நான் எப்போதும் ஒரு மணி நேரம் உட்காருவேன். தண்ணீர் சத்தம், இரண்டு பக்கமும் வரிசையாக பிளாட்டான் மரங்கள், ஆள் கம்மி. இந்த ஒரு இடத்துக்காகவே மற்றதையெல்லாம் மன்னித்துவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் தோன்றும், அடுத்த நாள் மத்தியானம் அந்த எண்ணம் போய்விடும்.

ஏனென்றால் கர்கசோன் ஊரைத் தாண்டியதும் வேர் ஆரம்பம்.

இதைச் சரியாகச் சொல்லவேண்டும். பாதை இரண்டு முழ அகலம்கூட இருக்காது, சில இடத்தில் டயர் போகிற தடம் மட்டும்தான். இடது கைப்பக்கம் கரை சரிந்து தண்ணீர், வலது பக்கம் மரம். அந்த மரத்தின் வேர் பாதைக்குக் குறுக்கே, கிழவியின் புறங்கை நரம்பு மாதிரி, நாலு விரல் உயரத்துக்கு எழும்பி நிற்கும். ஒன்று என்றால் பரவாயில்லை, தூக்கிக் குதித்துவிடலாம். ஐந்து ஆறு வேர் அடுத்தடுத்து, சமமில்லாத இடைவெளியில் வரும். முன்சக்கரம் ஏறும்போது பின்சக்கரம் இறங்கும், பின்னால் கேரியரில் பதினைந்து கிலோ பை தொங்கும், கம்பி அறுகிற சத்தம் வீணைத் தந்தி அறுகிற மாதிரி "டிங்" என்று கேட்கும். நிழலும் வெயிலும் கட்டம் கட்டமாக விழுவதால் வேர் எது, நிழல் எது என்று தெரியாது. 2021-ல் த்ரெப் தாண்டி அப்படி நிழல் என்று நினைத்த ஒன்றில் மோதி விழுந்தேன். நல்ல வேளை வலது பக்கம். முழங்கை மரத்தில் உரசி ஒரு மாதம் அரிப்பு, போன் இடது பக்கம் பறந்து தண்ணீரில். அந்தப் பழுப்புத் தண்ணீரில் ஒன்றும் தெரியாது. படகில் போன ஒரு குடும்பம் கையசைத்தது, நான் சும்மா வணக்கம் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.

அன்றிலிருந்து இரண்டு வருடம் நான் யாரைப் பார்த்தாலும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: உலகப் பாரம்பரியச் சின்னம் என்று போர்டு வைக்கத் தெரிகிறது, ஒரு ரம்பம் எடுத்து நாலு வேரை வெட்டத் தெரியாதா?

பதில் தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. அந்த வேர்கள்தான் கரையைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. பிளாட்டான்களை வரிசையாக நட்டது 19-ஆம் நூற்றாண்டில், நிழலுக்காக மட்டும் இல்லை, கரை சரியாமல் இருக்கவும்தான். சுமார் 42,000 மரம். வெட்டினால் கரை போகும், அது ஒன்று. இன்னொன்று, வெட்டிய காயம் வழியாக நோய் ஏறும். பிளாட்டான் சொறிநோய் என்று ஒரு பூஞ்சை. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகள் கொண்டுவந்த வெடிமருந்துப் பெட்டிகளின் மரத்தோடு பிரான்ஸுக்குள் வந்தது என்கிறார்கள். இந்தக் கால்வாயில் 2006-ல் கர்கசோன் பக்கத்து வில்துபேரில் முதலில் கண்டுபிடித்தார்கள். மருந்து கிடையாது. படகு வேரில் உரசினால் பரவும், தண்ணீர் வழியாகப் பரவும், அதனால்தான் படகுக் கயிற்றை மரத்தில் கட்டக்கூடாது என்பது. பக்கத்துப் பக்கத்து மரங்களின் வேர்கள் மண்ணுக்கடியில் ஒன்றோடொன்று ஒட்டி வளர்ந்திருப்பதால் ஒரு மரத்துக்கு வந்தால் அடுத்ததற்கும் போய்விடும். என் சைக்கிளைத் தட்டிவிட்ட அதே வேர் வழியாக. அதனால் நோய் வந்த மரத்தை மட்டும் இல்லை, பக்கத்தில் நல்லா இருக்கிற மரத்தையும் சேர்த்து வெட்டி எரித்துவிடுகிறார்கள்.

பாதிக்கு மேல் மரம் இப்போது இல்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஜூலையில் அப்படி வெட்டிய ஒரு நீளத்தில் முதல் தடவையாக முழுசாக ஓட்டினேன். பாதை அருமை. வேர் எடுத்து, மண் போட்டு, உருட்டி, சரளை போட்டு, ஒரு குலுக்கல் இல்லை. நான் இரண்டு வருடமாகக் கேட்டது அப்படியே கைக்கு வந்தது. அரை மணி நேரத்தில் தலை கொதித்தது. இரண்டு பக்கமும் திராட்சைத் தோட்டம், நடுவில் தகடு மாதிரி மின்னுகிற தண்ணீர், கரையில் இடுப்பளவு குச்சிகளைக் கட்டி நட்ட கன்றுகள். பிளாட்டானுக்குப் பதிலாக அதிகமாக நடுவது ஒருவகை ஓக், அதோடு இன்னும் சில ஜாதிகளைக் கலந்து நடுகிறார்கள், ஒரே ஜாதியை நட்டால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் ஆயிற்றே. அந்தக் கன்றின் நிழல் என் முன்சக்கரத்துக்குக்கூடப் போதாது. தண்ணீர் பாட்டில் இரண்டும் காலி, படகை ஏற்றி இறக்குகிற அடுத்த மதகு ஐந்து கிலோமீட்டர். சத்தியமாகச் சொல்கிறேன், வேர் வந்தால் பரவாயில்லை என்று இருந்தது. ஒரு வளைவு திரும்பியதும் மிச்சமிருந்த மரங்கள் ஆரம்பித்தன, உள்ளே நுழைந்தது கோயில் பிராகாரத்துக்குள் காலை வைத்த மாதிரி குளிர்ச்சி, அடுத்த நொடி டங்கு டங்கு என்று இரண்டு வேர். சிரித்துவிட்டேன்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காற்று முக்கியம். மேற்கிலிருந்து அடிக்கிற செர் காற்று முதுகைத் தள்ளும், அதனால் எல்லோரும் துலூஸிலிருந்து கடலை நோக்கிப் போகிறார்கள். எதிர்ப்பக்கக் காற்று ஒத்தான், பைத்தியம் பிடிக்கவைக்கும் காற்று என்றுதான் இந்த ஊரில் பெயர். அது அடிக்கிற நாளில் ரயிலில் ஏறிவிடுங்கள், வீரம் வேண்டாம். வட்டார ரயிலில் சைக்கிள் ஏற்றலாம், கோடையில் சைக்கிள் மாட்டுகிற கொக்கி காலியாகக் கிடைப்பது அதிர்ஷ்டம். கர்கசோன் கோட்டையைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. ஆனால் கால்வாய் வெட்டும்போது பணம் தரமாட்டோம் என்று அந்த ஊர்க்காரர்கள் சொன்னதால் கால்வாய் ஊரைத் தொடாமல் விலகிப் போனதும், அப்புறம் நூறு வருடத்துக்கு மேல் வருத்தப்பட்டு 1810-ல்தான் ஊருக்குள் திருப்பிக்கொண்டதும் எனக்குப் பிடித்த கதை. அர்ஜான் மதகிலிருந்து பெசியே ஊரின் ஃபொன்செரான் படிமதகு வரை 54 கிலோமீட்டருக்கு ஒரு மதகுகூடக் கிடையாது. ஒரே சமமட்டம், அதனால் கால்வாய் மேட்டைச் சுற்றி வளைந்து வளைந்து போகும், நேராகப் பார்த்தால் எதிரே தெரிகிற ஊருக்கு ஒரு மணி நேரம் ஓட்டவேண்டும். அந்த நீளத்தில்தான் லெ சோமாய், அந்தக் காலத்துப் பயணப் படகுகள் ராத்தங்கிய ஊர். கூன் விழுந்த பழைய பாலம், ஒரு பெரிய பழைய புத்தகக் கடை. சைக்கிள் பையில் இடம் விட்டுப் போங்கள்.

டயர் 40 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. முதல் வருடம் 28-ல் போனேன், அது என் தப்பு, பாதையைத் திட்டக்கூடாது. முதல் இரண்டு கம்பியும் அந்தக் கணக்கில்தான் போயின. கடந்த சில வருடங்களில் சில துண்டுகளைச் சரிசெய்தும் இருக்கிறார்கள், அதையும் சொல்லவேண்டும்.

சரி மாப்பிள்ளை, உங்களுக்குப் பதில். வராதீர்கள். அதாவது இந்தப் பக்கம் வராதீர்கள். துலூஸ் வந்து, கடல் பக்கம் திரும்பாமல் எதிர்ப்பக்கம் திரும்புங்கள். கரோன் கால்வாய், காஸ்தே வரைக்கும் 193 கிலோமீட்டர், வழுவழு தார், சின்னவள்கூட கையை விட்டுவிட்டு ஓட்டுவாள். மொவாசாக் ஊர் மடத்தில் 1100-ஆம் வருடத்துத் தூண் மண்டபம் இருக்கிறது, ஒவ்வொரு தூண் தலையிலும் ஒரு கதை. 19-ஆம் நூற்றாண்டில் ரயில் பாதை போடும்போது மடத்தின் ஒரு பகுதியையே இடித்துவிட்டார்கள், மண்டபம் தப்பியதே பெரிய விஷயம். அஜான் ஊர் வந்தால் ஆற்றுக்கு மேலே கால்வாய் போகிற கல்பாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகலாம், கீழே ஆறு, பக்கத்தில் படகு, பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள். நிழல் இருக்கிறது, குலுக்கல் இல்லை, எல்லா வகையிலும் இதைவிட நல்ல பாதை. நான் ஒரே தடவை போனேன், இரண்டாவது நாள் ஹேண்டில்பார்மேல் தூக்கம் வந்தது, அது என் கோளாறு.

என் சக்கரத்துக்குக் கடைக்காரர் ஒரு கம்பி மாற்றிப் பிரயோஜனமில்லை, 36 கம்பி ரிம்மாகப் போட்டுவிடுங்கள் என்றார். விலையைக் கேட்டதும் இனிமேல் அந்தக் கால்வாய்ப் பக்கமே போவதில்லை என்று சத்தமாகவே சொன்னேன். வியாழக்கிழமை ரெடியாகிவிடும் என்றார், வியாழக்கிழமை காலை கர்கசோன் ரயிலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டதால் புதன்கிழமையே கிடைக்குமா என்று கேட்டிருக்கிறேன்.